வாசகர் கேள்வி பதில்: ‘தவிர’ என்று வந்தால் பென்சிலை எடுங்கள்

போன இதழில் ஏதோ ஒரு பதிலின் ஓரத்தில், நான் டெக்சஸில் ஒரு சமுதாயக் கல்லூரியின் டியூட்டரிங் மையத்தில் வரலாற்றுப் பாடத்துக்கு உதவி செய்கிறவன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும். வீட்டுக் கடன், மாமியார், முடி கொட்டுதல் எல்லாம் அடுத்த மாதம்.

● என் மகன் டெக்சஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருடம் படிக்கிறான். அமெரிக்க வரலாறு இரண்டு பேப்பர் கட்டாயமாம். வீட்டை அடமானம் வைத்து அனுப்பியது இதற்கா? விலக்கு வாங்க ஏதாவது வழி உண்டா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

விலக்கு கிடைக்காது அம்மா. அது பல்கலைக்கழகம் வைத்த விதி இல்லை, மாநிலச் சட்டம். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் இளங்கலைப் பட்டம் வேண்டுமென்றால், என்ன துறையாக இருந்தாலும் அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் முடிக்க வேண்டும். மூன்று மூன்றாக இரண்டு கோர்ஸ். அதில் பாதியை டெக்சஸ் வரலாறாக எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது, ஆனால் அதுவும் வரலாறுதான், தப்ப முடியாது.

செலவைக் குறைக்க வழி உண்டு. கோடை விடுமுறையில், கட்டணம் குறைவான ஏதாவது சமுதாயக் கல்லூரியில் இதே கோர்ஸை எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். டெக்சஸில் பாடங்களுக்குப் பொது எண் வைத்திருக்கிறார்கள், முதல் பாதி 1301, இரண்டாம் பாதி 1302. அதனால் பெரிய சிக்கல் வராது. ஆனாலும் கட்டணம் கட்டுவதற்கு முன் அட்வைசரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், வாய்வார்த்தையை நம்பிவிட்டு என் முன்னால் வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கிளெப் என்று ஒரு தேர்வும் இருக்கிறது, அதை எழுதி கிரெடிட் வாங்கலாம். ஆனால் வருடக்கணக்காக இதைப் பள்ளியில் படித்த அமெரிக்கப் பிள்ளைகளுக்கே அது சுலபமில்லை.

மற்றபடி இது வீண் என்று நான் நினைக்கவில்லை. நாளைக்கு அவன் வேலைக்குப் போனால் சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி என்று, அரசின் ஓய்வூதியத் திட்டத்துக்காக ஒரு பிடித்தம் வரும். அது 1935-ல் எப்படி வந்தது, வந்தபோது யாரையெல்லாம் தவிர்த்துவிட்டு வந்தது என்பது அந்த இரண்டாவது பேப்பரில்தான் இருக்கிறது. பண்ணைக் கூலிகளும் வீட்டுவேலை செய்பவர்களும் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. அன்றைய தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவர் செய்த வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான். இது தெற்கத்திய உறுப்பினர்களைச் சமாதானப்படுத்த வேண்டுமென்றே செய்ததா, அல்லது கூலிக்காரரிடமும் வேலைக்காரியிடமும் வரி வசூலிப்பது நடைமுறையில் கஷ்டம் என்று விட்டதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். உங்கள் மகனை அந்தச் சண்டைக்குள் இறக்கிவிடத்தான் இந்த கோர்ஸே.

● பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம். ஜனாதிபதிகள் பெயரையும் வருடங்களையும் சின்ன அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்கிறேன், நிற்கவே மாட்டேன் என்கிறது. ஞாபகசக்திக்கு ஏதாவது வழி சொல்லுங்களேன்.
– கல்லூரி மாணவர், ஹூஸ்டன்

வல்லாரைக் கீரைதான் சொல்ல வேண்டும். தம்பி, அந்த அட்டைகளைக் கட்டி ஓரமாக வையுங்கள். ஹேய்ஸ், கார்ஃபீல்ட், ஆர்தர், கிளீவ்லாண்ட், ஹாரிசன், மறுபடி கிளீவ்லாண்ட் என்று வரிசையாக ஒப்பிக்கச் சொல்லி எந்தக் கேள்வித்தாளிலும் நான் பார்த்ததில்லை. தாடியோ மீசையோ வைத்த ஆட்கள், படத்தைப் பார்த்தால்கூட எனக்கே சில சமயம் குழம்பும்.

அதற்குப் பதில் ஐந்தாறு வருடங்களைச் சுவரில் ஆணி மாதிரி அடித்துக்கொள்ளுங்கள், மற்றதையெல்லாம் அதில் மாட்டிவிடலாம். என்னுடைய ஆணிகள் 1877, 1896, 1929, 1945, 1965, 1973. இதில் முதலாவதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள்.

அடிமைமுறையை ஒட்டி வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்துவிட்டது, அப்புறம் ஏன் பல பாடப்புத்தகங்களின் இரண்டாம் பாகம் 1877-ல் தொடங்குகிறது? நடுவில் இருக்கும் பன்னிரண்டு வருடம்தான் மறுகட்டமைப்புக் காலம். அடிமைகளாக இருந்தவர்கள் வாக்களித்தார்கள், சட்டமன்றங்களில் உட்கார்ந்தார்கள், மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் 1870-ல் நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கே போனார். இதையெல்லாம் தெற்கில் காவல் காத்து நின்றது மத்திய அரசின் ராணுவம். அங்கே ஜனாதிபதியை முடிவு செய்வது மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகள், 1876 தேர்தலில் ஜெயிக்க அதில் 185 தேவை. ஜனநாயகக் கட்சியின் டில்டன் 184-ல் நின்றார், 20 வாக்குகள் தகராறில் இருந்தன. ஒரு கமிஷன் போட்டார்கள், எட்டுக்கு ஏழு என்று கட்சி வாரியாகப் பிரிந்து அந்த 20-ஐயும் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸுக்கே கொடுத்தது, 185க்கு 184 என்று அவர் ஜனாதிபதி ஆனார். பதவிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே லூசியானாவிலும் தென் கரோலினாவிலும் ஆட்சி மாளிகைகளைக் காத்து நின்ற படைகள் விலக்கப்பட்டன. அதுதான் 1877. போரில் ஜெயித்தவர்கள் அமைதியில் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்பதற்கான வருடம் அது.

அதற்குப் பிறகு நடந்ததில் நிறைய சட்டப்படியே நடந்தது, கவனியுங்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1865-ல் வந்த 13-வது திருத்தத்தை எடுத்து ஒரு தடவை மெதுவாகப் படியுங்கள், இரண்டு வரிதான். அடிமைமுறையும் கட்டாய உழைப்பும் இந்த நாட்டில் இருக்கக் கூடாது என்கிறது, ஆனால் நடுவில் ஒரு அரைவரி: குற்றத்துக்குத் தண்டனையாகத் தவிர. அந்தத் ‘தவிர’ என்ற சொல்லைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். வேலையில்லாமல் சுற்றினால் குற்றம் என்று தெற்கு மாநிலங்கள் சட்டம் போட்டன, பிடித்தார்கள், தண்டித்தார்கள், அந்தக் கைதிகளைச் சுரங்கங்களுக்கும் ரயில்பாதை வேலைக்கும் வாடகைக்கு விட்டார்கள். பிடிபடாதவர்கள் பழைய முதலாளியின் நிலத்திலேயே வாரத்துக்கு உழுதார்கள், விளைந்த பருத்தியில் பாதி அவருக்கு, மீதிப் பாதி கடைக்கடனுக்கு. வாக்குரிமையைப் பறிக்க, ஓட்டுப் போடக் கட்ட வேண்டிய தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு என்று வந்தது. லூசியானாவில் 1896-ல் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். 1904-ல் 1,342. இந்த இரண்டு எண்களை மட்டும் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள், ஜனாதிபதிகளைவிட இவை உங்களுக்கு உதவும்.

அந்த 1896-லேயேதான் பிளெஸ்ஸி வழக்கில், வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனியாக வைத்தாலும் சமமாக இருந்தால் சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுதான் இரண்டாவது ஆணி. 1929-ம் 1945-ம் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.

1965-க்கு ஒரு வீட்டுப்பாடம். மார்ச் 7-ல் செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்கள்மேல் போலீஸ் அடி. மறுநாள், மார்ச் 8-ல், வியட்நாமில் டா நாங் கடற்கரையில் அமெரிக்க மரைன்கள் இறங்குகிறார்கள். ஜூலை 30 முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர். ஆகஸ்ட் 6 வாக்குரிமைச் சட்டம். ஐந்து நாள் கழித்து லாஸ் ஏஞ்சலீஸில் வாட்ஸ் கலவரம். அக்டோபர் 3 குடியேற்றச் சட்டம். எல்லாம் ஒரே ஜனாதிபதி, லிண்டன் ஜான்சன், உங்கள் டெக்சஸ்காரர்தான். ஒரே மனிதர், ஒரே வருடம், எப்படி இவ்வளவும் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அதுக்கப்புறம் தேதி தானாக நிற்கும்.

● ரூஸ்வெல்ட் ஒருவரா இருவரா? என் பேத்தி என்னைக் கேட்டுச் சிரிக்கிறாள்.
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், தஞ்சாவூர்

இருவர் ஐயா. தியடோர் 1901 முதல் 1909 வரை, ஃப்ராங்க்ளின் 1933 முதல் 1945-ல் இறக்கும் வரை. முதலாமவர் குடியரசுக் கட்சி, இரண்டாமவர் ஜனநாயகக் கட்சி. தூரத்துப் பங்காளிகள். இதில் வேடிக்கை, ஃப்ராங்க்ளினின் மனைவி எலினார் தியடோரின் சொந்தத் தம்பி மகள், அதனால் அந்த அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரே குடும்பப் பெயர். பேத்தியிடம் இதைக் கேளுங்கள், சிரிப்பு நிற்கும்.

● அலபாமாவின் மாண்ட்கமரி நகரில் கறுப்பினத்தவர் நடத்திய பஸ் புறக்கணிப்பைப் பற்றி நான்கு பக்கம் கட்டுரை எழுதினேன். ஒரு தகவல்கூடத் தப்பில்லை. புரொஃபசர் C போட்டு, ‘வாதம் எங்கே?’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார். கட்டுரையை இணைத்திருக்கிறேன். என்னதான் வேண்டுமாம் அவருக்கு?
– மாணவி, டாலஸ்

உங்கள் கட்டுரையைப் படித்தேன். முதல் வரி: ‘1955 டிசம்பர் 1 அன்று, வேலை முடிந்து களைத்துப்போயிருந்த ரோசா பார்க்ஸ் என்ற தையல்காரப் பெண் வெள்ளையர் இருக்கையிலிருந்து எழுந்திருக்க மறுத்தார்.’ இந்த ஒரு வரியிலேயே உங்கள் C இருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்க அரசின் ஆவணக் காப்பகமான நேஷனல் ஆர்கைவ்ஸ் தளத்தில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன, இலவசம். ஒன்று அன்றைய போலீஸ் அறிக்கை. மற்றொன்று பின்னால் வந்த வழக்கில் சாட்சியமாக வைக்கப்பட்ட, அந்தப் பஸ்ஸின் இருக்கைப் படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அறிக்கையில், வெள்ளையர் பகுதியில் ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்திருப்பதாகவும் பின்னால் போக மறுப்பதாகவும் டிரைவர் சொன்னார் என்று போலீஸ்காரர் எழுதியிருக்கிறார். படத்தைப் பாருங்கள். வெள்ளையருக்கென்று ஒதுக்கியது முன்பக்கத்துப் பத்து இருக்கைகள். பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது அதற்குப் பின்னால், நடுப்பகுதியின் முதல் வரிசை. அங்கே கறுப்பினத்தவர் உட்காரலாம், ஆனால் முன்னால் நிறைந்துவிட்டால் டிரைவர் எழுந்திருக்கச் சொல்வார். ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார் என்பதற்காக அந்த வரிசையில் இருந்த நான்கு பேரையும் எழுந்திருக்கச் சொன்னார், மூன்று பேர் எழுந்தார்கள்.

ஆக, ‘வெள்ளையர் இருக்கை’ என்பது யாருடைய சொல்? டிரைவருடையது, அதை எழுதிய போலீஸ்காரருடையது. நீங்கள் தெரியாமல் அவர்கள் கட்சியில் நின்று கட்டுரையைத் தொடங்கிவிட்டீர்கள். கோடு எங்கே என்பதை டிரைவர் அந்த நிமிடத்தில் நகர்த்த முடிந்தது என்பதுதான் அந்த முறையின் உயிர்நாடி. பார்த்தீர்களா, இப்போது உங்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

அடுத்து ‘களைத்துப்போயிருந்த தையல்காரப் பெண்’. தையல் வேலை உண்மைதான். ஆனால் அவர் என்ஏஏசிபி என்ற உரிமை அமைப்பின் மாண்ட்கமரி கிளைச் செயலாளராகப் பல வருடம் இருந்தவர், வயது 42, அந்தக் கோடையில்தான் டென்னசியில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருந்தார். ஒன்பது மாதம் முன்பு, மார்ச்சில், கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பெண் இதே காரணத்துக்காகக் கைதாகியிருந்தாள். அதற்கும் முன்னால், 1954 மே 21-ல், ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆங்கில ஆசிரியை நகர மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார், மரியாதையாக நடத்தாவிட்டால் பஸ்ஸைப் புறக்கணிப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது என்று. தேதியைப் பாருங்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று பிரவுன் வழக்கில் தீர்ப்பு வந்து நான்காம் நாள். பார்க்ஸ் கைதான ராத்திரி, இதே ராபின்சன் தன் கல்லூரியின் ரோனியோ மெஷினில் விடிய விடிய துண்டுப்பிரசுரம் அடித்தார், ஆயிரக்கணக்கில். ஒரு சக ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் கூட இருந்தார்கள். இவ்வளவையும் விட்டுவிட்டு ஒரு பெண்ணின் கால்வலியில் தொடங்கினால், திட்டம் போட்டவர்கள் எல்லாரும் காணாமல் போய்விடுகிறார்கள். அதில் பெரும்பாலோர் பெண்கள்.

இன்னும் ஒன்று. முதலில் அவர்கள் கேட்டது பிரிவினையை ஒழிப்பதை அல்ல. மரியாதையாகப் பேச வேண்டும், முன்னால் இருந்து வெள்ளையரும் பின்னால் இருந்து கறுப்பினத்தவரும் வந்த வரிசையில் உட்கார வேண்டும், கறுப்பினத்தவர் வாழும் பகுதி வழித்தடங்களில் அவர்களையே டிரைவராகப் போட வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூடக் கொடுக்க மறுத்து நகராட்சி இழுத்ததில் 381 நாள் ஓடியது, கோல்வினும் இன்னும் மூன்று பெண்களும் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட, கடைசியில் பிரிவினையே போனது.

இப்போது தீசிஸ், அதாவது கட்டுரையின் மைய வாதத்தை எழுதுங்கள். ‘புறக்கணிப்பு நடந்தது, வெற்றி பெற்றது’ என்பது தகவல். ‘நகராட்சியின் பிடிவாதம்தான் ஒரு சிறிய கோரிக்கையைப் பெரிய வழக்காக்கியது’ என்பது வாதம், ஏனென்றால் ஒருவர் எழுந்து ‘இல்லை’ என்று சொல்ல முடியும். யாராலும் மறுக்க முடியாத வரியாக இருந்தால் அது தீசிஸ் இல்லை. திருத்தி எழுத வாய்ப்புத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள், நிறையப் பேர் தருவார்கள், நாம்தான் கேட்க மாட்டோம்.

● லிங்கன் குடியரசுக் கட்சி. அடிமை முறைக்காகப் போராடிய தெற்கு முழுக்க ஜனநாயகக் கட்சி. இன்றைக்கு அப்படியே தலைகீழ். எந்தத் தேதியில் மாறினார்கள்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

நம் ஊர் அணி மாற்றம் மாதிரி ஒரு ராத்திரியில் நடந்ததில்லை சார், அறுபது வருடம் ஆனது. 1932-ல்கூட வாக்களிக்க முடிந்த கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் லிங்கனின் கட்சிக்கே போட்டார்கள். 1936-ல் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் பக்கம் சாய்ந்தார்கள், வேலையும் நிவாரணமும் காரணம். அதற்குள் தெற்கிலிருந்து லட்சக்கணக்கில் சிகாகோ, டெட்ராய்ட் என்று குடிபெயர்ந்துவிட்டார்கள், அங்கே ஓட்டுப் போட யாரும் தடுக்கவில்லை, அதனால் அந்த ஓட்டுக்கு விலை வந்தது. 1948-ல் ட்ரூமன் ராணுவத்தில் பிரிவினையை ஒழிக்க உத்தரவு போட்டார், அதே வருடம், கட்சி சிவில் உரிமையை ஆதரித்ததில் கோபித்துக்கொண்டு தெற்கத்திய ஜனநாயகக் கட்சியினர் ஒரு பகுதி தனி வேட்பாளரை நிறுத்தினார்கள்.

ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் செனட் வாக்கெடுப்பை. 73க்கு 27. குடியரசுக் கட்சியில் ஆதரவு 27, எதிர்ப்பு 6. ஜனநாயகக் கட்சியில் 46, 21. இதை மட்டும் காட்டிக் குடியரசுக் கட்சிதான் உரிமைக் கட்சி என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. இப்போது கட்சியை விட்டுவிட்டு வரைபடத்தை எடுங்கள். உள்நாட்டுப் போரில் பிரிந்து போன 11 மாநிலங்களின் 22 செனட்டர்களில் ஆதரித்தவர் ஒரே ஒருவர், டெக்சஸின் ரால்ஃப் யார்பரோ. அந்த 22-ல் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் இருந்தார், அவரும் எதிர்ப்புதான். பிரித்தது கட்சி இல்லை, ஊர். அந்த வருடமே, சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கோல்ட்வாட்டரைக் குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. படுதோல்வி. ஜெயித்த ஆறு மாநிலங்களில் ஒன்று அவருடைய சொந்த அரிசோனா, மற்ற ஐந்தும் ‘ஆழத் தெற்கு’ என்று சொல்லும் கடைக்கோடித் தெற்கு மாநிலங்கள். அங்கே கதவு திறந்தது. ஆனாலும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் தெற்கின் பெரும்பான்மை இடங்கள் குடியரசுக் கட்சிக்குப் போக 1994 ஆனது, ஏனென்றால் உள்ளூர்ப் பெரியவர்கள் பழைய கட்சியிலேயே உட்கார்ந்து கிழமாகிக்கொண்டிருந்தார்கள்.

● இந்தப் பாடப்புத்தகத்தில் இந்தியர்கள் எங்காவது வருகிறார்களா? என் மகள் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை.
– வாசகி, நியூ ஜெர்ஸி

வருகிறார்கள், பெருமைப்பட மட்டும் முடியாத ஒரு இடத்தில்.

1790-லேயே குடியுரிமை பெற ‘சுதந்திரமான வெள்ளையராக’ இருக்க வேண்டும் என்று சட்டம். 1870-ல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள். ஆசியர்கள் இரண்டிலும் இல்லை. 1922 நவம்பரில் ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, உனக்குக் குடியுரிமை இல்லை போ என்றது. மூன்று மாதம் கழித்து பகத் சிங் திண்ட் வந்தார். பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். மானிடவியல் நூல்களின்படி நான் காக்கேசியன், உங்கள் தீர்ப்புப்படியே கொடுங்கள் என்றார். அதே நீதிபதி, சதர்லாண்ட், இப்போது, நூல் என்ன சொன்னால் என்ன, சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்கிறானோ அவன்தான் வெள்ளையன் என்று எழுதினார். அனைத்து நீதிபதிகளும் ஒரே குரல். மூன்று மாதத்தில் அளவுகோல் மாறியதைத்தான் புரொஃபசர்கள் வகுப்பில் கேட்பார்கள்.

பெருமைப்பட முடியாது என்றேனே, அது இங்கே. திண்ட் தரப்பு வாதத்தில், உயர்சாதி இந்தியன் இந்தியாவின் பழங்குடிகளைப் பார்ப்பது, வெள்ளை அமெரிக்கன் ஒரு நீக்ரோவைப் பார்ப்பதைப் போலத்தான், ஆகவே நாங்களும் உங்கள் கட்சி என்கிற ரீதியில் ஒரு பகுதி இருக்கிறது. சாதியைக் காட்டி வெள்ளையன் ஆகப் பார்த்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. மகளிடம் இதையும் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த பல இந்தியர்களிடமிருந்து அதைத் திரும்பப் பறித்தார்கள். 1946-ல் இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர் என்று ஒதுக்கீடும் குடியுரிமைக்கு வழியும் கிடைத்தது. நூறு! அக்டோபர் 3, 1965, சுதந்திர தேவி சிலையின் காலடியில் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம்தான் தேசவாரி ஒதுக்கீட்டைத் தூக்கியது. நம் டாக்டர்களும் இன்ஜினியர்களும் பெருமளவில் வரத் தொடங்கியது அதன் பிறகுதான். அந்தச் சட்டம் வந்தது சிவில் உரிமைப் போராட்டத்தின் அலையில். பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தவர்களுக்கும் நியூ ஜெர்ஸியின் எடிசன் ஊரில் தோசை சாப்பிடுகிற நமக்கும் உள்ள தொடர்பு இதுதான். இன்றைக்குக் கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்கிறோமே, ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்கிற அந்த உச்சவரம்பு 1990 சட்டத்தில் வந்தது, அதையும் சேர்த்துப் படிக்கலாம், வயிற்றெரிச்சலோடு.

● சாட்ஜிபிடியிடம் கட்டுரை எழுதி வாங்கினால் கண்டுபிடித்துவிடுவார்களா?
– பெயர் வேண்டாம்

கண்டுபிடிப்பது பெரிய விஷயமே இல்லை. அடிக்குறிப்பில் இருக்கிற ஆவணத்தைக் கொண்டுவந்து காட்டு என்பார்கள், பல சமயம் அப்படி ஒரு ஆவணமே உலகத்தில் இருக்காது.

● நான் தமிழ்வழியில் பி.ஏ. வரலாறு படிக்கிறேன். எங்களுக்கும் அமெரிக்க வரலாறு ஒரு தாள் உண்டு. கல்லூரி நோட்ஸ் வெறும் பெயர்ப்பட்டியலாக இருக்கிறது. ஆங்கிலம் சுமார்தான். காசில்லாமல் எங்கே படிக்கலாம்?
– மாணவர், விழுப்புரம்

ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓபன்ஸ்டாக்ஸ் தளத்தில் முழுப் பாடநூலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஆங்கிலமும் எளிமை. ஒரு அத்தியாயத்தை எடுத்து முதலில் தலைப்புகளை மட்டும் வரிசையாகத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு உள்ளே போங்கள்.

ஆனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது படங்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அரசே ஆள் அனுப்பி எடுத்த புகைப்படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. டோரத்தியா லாங் 1936-ல் கலிஃபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் எடுத்த தாயின் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள், கன்னத்தில் கைவைத்துத் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார், இரண்டு பக்கமும் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அதே லாங்கை 1942-ல் அரசு மறுபடி அனுப்பியது, இந்த முறை ஜப்பானிய வம்சாவளியினரை வீடு வாசலைவிட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்ததைப் படம் பிடிக்க. சுமார் 1,20,000 பேர், மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். கழுத்தில் சாமானுக்குக் கட்டுவது மாதிரி அட்டை கட்டிய குழந்தைகள். அந்தப் படங்களைப் பார்த்த ராணுவம் போர் முடியும் வரை அவற்றை வெளியே விடவில்லை. ஒரே ஆள், ஒரே கேமரா, 1936-ல் அரசுக்குப் பிடித்தது, 1942-ல் பிடிக்கவில்லை. ஏன் என்று தமிழிலேயே இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள், நோட்ஸில் வராத பதில் அது.

● டெக்சஸ் கல்லூரியில் கோடைக்கால இணையவழி 1302 எடுத்துவிட்டு விடுமுறைக்குச் சென்னை வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு 11:59-க்குள் என்று போட்டிருந்தது. வெள்ளி இரவு என்று பயந்து அரைகுறையாக ஒன்றை அனுப்பிவிட்டேன். அது சென்னை நேரமா, டெக்சஸ் நேரமா?
– மாணவி, சென்னை

டெக்சஸ் நேரம்தான். கோடையில் அது நமக்கு சனிக்கிழமை காலை 10:29. முழுசாக ஒரு ராத்திரியும் காலை டிபனும் மிச்சம் இருந்திருக்கிறது. இந்த நேர மண்டலங்களே உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் வரும். 1883 நவம்பர் 18 வரை அமெரிக்காவில் ஒவ்வொரு ஊரும் தன் தலைக்குமேல் சூரியன் வந்தால் பன்னிரண்டு மணி என்று வைத்திருந்தது. ரயில் கம்பெனிகள் கூடிப் பேசி, அன்றைக்கு நாட்டின் கடிகாரங்களைத் திருப்பி வைத்தன. அரசாங்கம் அதைச் சட்டமாக்கியது 1918-ல்தான். அடுத்த வாரத்துக்கு ஃபோனில் சனி காலை ஒன்பது மணிக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாகப் போனதை எடுத்துவிட்டு வேறு ஏற்றலாமா என்று இன்றைக்கே புரொஃபசருக்கு ஒரு மெயில் போடுங்கள், ஐந்து வார கோர்ஸில் ஒரு நாள் என்பது மூன்று நாள் கணக்கு.